குளிரில் ஸ்காட்லாந்து வடகரையைக் கேம்பர்வேனில் சுற்றுவது எப்படி?

ஸ்காட்லாந்தின் நார்த் கோஸ்ட் 500 பாதையில் கேம்பர்வேனில், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வேனில், அக்டோபர் கடைசியிலோ மார்ச்சிலோ போகலாமா என்று யோசிக்கிறீர்களா? தாராளமாகப் போங்கள். கோடைக் கூட்டம் இருக்காது, மலைகள் பழுப்பும் செம்புமாக நிறம் மாறியிருக்கும். ஆனால் இன்வர்னெஸ் கோட்டையில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் இந்த 516 மைல் பாதையை, அதாவது சுமார் 830 கிலோமீட்டரை, தூரக் கணக்குப் போட்டுத் திட்டமிடாதீர்கள். வெளிச்சக் கணக்குப் போடுங்கள். அக்டோபர் கடைசியில் வடமேற்கு மூலையில் இருக்கும் டர்னஸில் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் பகல் கிடைக்கும், டிசம்பர் கடைசியில் ஆறரை மணி நேரம்கூடத் தேறாது. இருட்டிய பிறகு ஓட்டினால் மான் குறுக்கே பாயும், செம்மறி ஆடுகள் நடுரோட்டில் படுத்துக் கிடக்கும், பார்க்க வந்த கடலும் கண்ணில் படாது. மேற்குக் கரை ஊரான உல்லாப்பூலிலிருந்து டர்னஸ் சுமார் 110 கிலோமீட்டர்தான், இருந்தாலும் அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முழுச் சுற்றுக்குப் பத்து நாளாவது வேண்டும். கையில் ஒரு வாரம்தான் இருக்கிறதென்றால் மேற்குக் கரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கிழக்கை விட்டுவிடலாம்.

வண்டி சிறியதாக இருக்கட்டும். நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், அந்தக் கவலை இல்லை. ஆனால் வடமேற்கில் பல இடங்களில் சாலை ஒரே ஒரு வண்டி அகலம்தான், எதிரே வருபவருக்கு ஒதுங்க ஆங்காங்கே ‘பாஸிங் பிளேஸ்’ என்று பலகை வைத்த இடங்கள் இருக்கும். ஒதுங்கும் இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் குறுக்கே போகக் கூடாது, அதற்கு நேர் எதிரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிர் வண்டி அதற்குள் நுழைந்து சுற்றிப் போகும். போகும்போது ஒரு கை தூக்கினால் போதும். இன்னொன்று முக்கியம்: பின்னால் யாராவது வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், அது வேலைக்குப் போகும் நர்ஸாக இருக்கலாம். போட்டோ எடுக்க அந்த இடத்தில் வண்டியை நிறுத்தவே கூடாது.

மேற்குக் கரையில் ஆப்பிள்கிராஸ் என்ற ஊருக்குப் போகும் பியலாக் நா பா கணவாய் ஏறத்தாழ கடல்மட்டத்திலிருந்து 626 மீட்டருக்கு ஏறும், கொண்டை ஊசி வளைவுகளோடு. பெரிய வண்டிகளுக்கு ஏற்றதல்ல என்று அடிவாரத்திலேயே பலகை இருக்கிறது. சின்ன வேன் என்றாலும் பனியோ பலத்த காற்றோ இருக்கும் நாளில் ஷீல்டெய்க் பக்கத்துக் கரையோரச் சாலையில் சுற்றிப் போங்கள், அந்தக் காட்சியும் குறைச்சலில்லை.

சரி, இரவுக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் எங்கு வேண்டுமானாலும் தங்கலாம் என்று பலர் சொல்வார்கள். 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் அந்த உரிமை நடந்தோ சைக்கிளிலோ போய்க் கூடாரம் போடுபவர்களுக்கு, வண்டிக்கு அது பொருந்தாது. குளிர் தொடங்கியதும் நிறைய கேம்ப்சைட்டுகள் மூடிவிடும், அதனால் முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள். டாய்லெட் கேசட்டை, அதாவது வண்டிக் கழிப்பறையின் கழிவுப் பெட்டியை, அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் காலி செய்யுங்கள், வழியில் பார்க்கும் கழிப்பறையிலோ ஓடையிலோ கொட்டினால் அந்தச் சின்ன ஊர்க்காரர்கள்தான் அவதிப்படுவார்கள்.

கேஸ் விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி வாக்கில் ஆவியாவதை நிறுத்திவிடும், சிலிண்டர் நிறைய இருந்தும் அடுப்பு எரியாது. புரொபேன் மைனஸ் 40 வரை தாங்கும், அதையே கேட்டு வாங்குங்கள். ஹீட்டர் வண்டியோடு பொருத்தப்பட்டதாக இருக்கட்டும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கசிந்தால் எச்சரிக்கும் அலாரம் கட்டாயம். அடுப்பைக் குளிர்காயப் பயன்படுத்தவே வேண்டாம்.

அப்புறம் ஈரம். இரண்டு பேர் மூச்சும், சாதம் வடிக்கிற ஆவியும் சேர்ந்து காலையில் கண்ணாடி முழுக்க நீர் வழியும், தலையணை வண்டிச் சுவரை ஒட்டியிருந்தால் அதுவும் நனைந்திருக்கும். குளிர்கிறதே என்று எல்லாவற்றையும் இறுக்கி மூடினால் இன்னும் மோசமாகும். கூரை ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்தே வையுங்கள், சமைக்கும்போது முழுதாகத் திறங்கள், எழுந்ததும் முதல் வேலையாகத் துணியால் துடைத்துப் பிழிந்துவிடுங்கள். மெத்தையைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

காற்று அடிக்கும் இரவில் வண்டியின் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள், மேலே தூக்கும் கூரை என்றால் இறக்கிவிட்டுக் கீழே படுங்கள். கதவைத் திறக்கும்போது கைப்பிடியை விடாதீர்கள், ஒரே வீச்சில் கீல் வளைந்துவிடும்.

டீசல் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். உல்லாப்பூலிலும் வடகரை ஊரான தர்ஸோவிலும் டேங்கையும் மளிகையையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மழை கொட்டிய மறுநாள் டர்னஸ் பக்கத்து ஸ்மூ குகைக்குப் போங்கள், உள்ளே விழும் அருவி அப்போதுதான் முழு வேகத்தில் இருக்கும். வடகிழக்கு மூலையில் இருக்கும் ஜான் ஓ க்ரோட்ஸில் ஊர்ப் பலகையோடு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், டங்கன்ஸ்பி கலங்கரை விளக்கம் வரை ஓட்டிப் போய், அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் கடலுக்குள் கூம்பு கூம்பாக நிற்கும் பாறைகள் தெரியும். புல் வழுக்கும், நல்ல பூட்ஸ் வேண்டும். காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் வீசும் நாளில் வேலியைத் தாண்டாமல் நிலப்பக்கமே நின்று பாருங்கள்.