‘அட்வான்ஸ்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எங்கே, எப்படி எழுதுவது?

வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ், கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ், சம்பளத்தில் அட்வான்ஸ் என்று நாள்தோறும் புழங்குவதால், இது நமக்கு நன்கு தெரிந்த சொல் என்ற நினைப்பிலேயே ஆங்கிலக் கடிதங்களிலும் எழுதிவிடுகிறோம். தமிழில் அது பெரும்பாலும் முன்பணம் என்ற பொருளோடு நின்றுவிட்டது. ஆங்கிலத்திலோ முன்னே செல்வதுதான் அதன் அடிப்படைப் பொருள், முன்பணம் அதிலிருந்து கிளைத்தது. பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதன் நடுவில் ‘டி’ என்ற எழுத்துகூடக் கிடையாது. இலத்தீனின் ‘அட்’ என்ற முன்னொட்டு அதில் இருப்பதாகப் பிழையாக எண்ணி, 16ஆம் நூற்றாண்டில் அதைச் சேர்த்தார்கள். இந்தச் சொல்லையோ இதற்கு ஈடான வேறொன்றையோ எழுதும் முன், முன்னே போவது எது, ஆளா, வேலையா, தேதியா, பணமா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆளோ படையோ இடம்விட்டு நகரும்போது, ‘அட்வான்ஸ்’ வெறும் நடையைக் குறிப்பதில்லை. எதிரே ஓர் இலக்கோ எதிர்ப்போ இருப்பதும், அதை நோக்கி அடி எடுத்து வைப்பதும் அதற்குள் அடக்கம். படை நகரத்தை நோக்கி வருவது ‘த ஆர்மி அட்வான்ஸ்டு ஆன் த சிட்டி’ ஆகும். சதுரங்கத்தில் சிப்பாய் ஒரு கட்டம் நகர்வதும், ஓர் அணி அரையிறுதிக்குள் நுழைவதும் இதே சொல்தான். ஆனால் ‘ஐ அட்வான்ஸ்டு டு த பஸ் ஸ்டாப்’ என்று எழுதினால், பேருந்து நிறுத்தத்தைக் கைப்பற்றப் போனதைப் போல ஒலிக்கும். அங்கே ‘வென்ட்’ அல்லது ‘வாக்ட்’ போதும். நடத்துனர் “முன்னாடி போங்க” என்று சொல்வதற்கும் ‘மூவ் ஃபார்வர்ட்’ என்பதே சரியான ஈடு.

அகராதியில் பக்கத்திலேயே கிடைக்கும் ‘புரொசீட்’, நின்றபின் தொடர்வதையும், ஒரு படி முடிந்து அடுத்த படிக்குச் செல்வதையும் குறிக்கும். பாதுகாப்புச் சோதனை முடிந்த பயணிகளை விமான நிலைய அறிவிப்பு ‘ப்ளீஸ் புரொசீட் டு த கேட்’ என்று அனுப்புவது அதனால்தான். வேலையைத் தொடர்வதற்கு ‘புரொசீட் வித்’ என்று எழுத வேண்டும். நம் அலுவலகக் கடிதங்களில் இந்தச் சொல் அளவுக்கு மீறி நடமாடுகிறது என்பது என் கருத்து. ‘கோ அஹெட்’ என்று இரண்டு எளிய சொற்களில் முடிவதற்கு இத்தனை விறைப்பு வேண்டியதில்லை. இதே சொல் ‘எஸ்’ சேர்ந்து ‘புரொசீட்ஸ்’ என்ற பெயர்ச்சொல்லாகும்போது, விற்பனையிலோ நிகழ்ச்சியிலோ கிடைத்த வருவாய் என்று பொருள்படும். அப்போது அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடும்.

படிப்பு, சிகிச்சை, கட்டுமானம் ஆகியவை படிப்படியாக மேம்படுவதற்கு ‘புரோகிரஸ்’ பொருந்தும். பெயர்ச்சொல்லாக வரும்போது அதை எண்ணிச் சொல்வதில்லை என்பதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம்: ‘ஷீ மேட் எ குட் புரோகிரஸ்’ என்பது பிழை, நடுவிலுள்ள ‘எ’யை எடுத்துவிட்டால் சரி. மாறாக ‘அட்வான்ஸ்’ எண்ணத்தக்கது. மருத்துவத்தில் நிகழ்ந்த ஒவ்வொரு முன்னேற்றத்தையும் சேர்த்து ‘அட்வான்சஸ் இன் மெடிசின்’ என்று பன்மையில் எழுதலாம்.

தேதியை முன்னுக்குக் கொண்டுவரும்போது நம் கை தானாக ‘பிரிபோன்’ என்று எழுதுகிறது. அது இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய சொல், ஆக்ஸ்போர்டு அகராதியிலும் இடம்பெற்றுவிட்டது. ஆகவே உள்ளூர்க் கடிதங்களில் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. வெளிநாட்டவருக்கு எழுதும்போது மட்டும், பிரிட்டனாக இருந்தால் ‘பிரிங் ஃபார்வர்ட்’, அமெரிக்காவாக இருந்தால் ‘மூவ் அப்’ என்று எழுதி, பழைய தேதி, புதிய தேதி இரண்டையும் குறிப்பிட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் ‘மூவ்டு ஃபார்வர்ட் டூ டேஸ்’ என்று படித்தவர்களில் சிலர் கூட்டம் இரண்டு நாள் முந்திவிட்டது என்றும், சிலர் தள்ளிப்போய்விட்டது என்றும் எடுத்துக்கொள்வார்கள்.

‘அட்வான்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ என்ற இரண்டையும் பெயரடையாக எழுதும் இடத்தில்தான் பிழைகள் மலிந்திருக்கின்றன. காலத்தால் முந்தியது முதலாவது, தரத்தால் உயர்ந்தது இரண்டாவது. நிதியாண்டு முடிவதற்கு முன்பே ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிக்குள் தவணைகளாகக் கட்டும் வருமான வரி ‘அட்வான்ஸ் டாக்ஸ்’ எனப்படும். 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்த ரயில் முன்பதிவுக் காலமும் ‘அட்வான்ஸ் ரிசர்வேஷன் பீரியட்’தான். ஐஐடி சேர்க்கைக்கான தேர்வோ ‘ஜேஇஇ அட்வான்ஸ்டு’, இலங்கை மாணவர்கள் உயர்தரம் என்று சொல்லும் தேர்வு ‘அட்வான்ஸ்டு லெவல்’. ‘அட்வான்ஸ் எக்ஸல் தெரியும்’ என்று சுயவிவரத்தில் எழுதியிருப்பவர்கள் கடைசியில் ‘டி’யைச் சேர்த்துவிடுவது நல்லது. முன்கூட்டியே என்ற பொருளில் வினையோடு சேர்ப்பதற்கு ‘இன் அட்வான்ஸ்’ என்ற தொடர் இருக்கிறது: ‘புக் இன் அட்வான்ஸ்’. ‘பிளான்’ என்ற சொல்லோடு அதைச் சேர்ப்பது வீண், திட்டம் என்றாலே முன்கூட்டித்தானே!

பணத்துக்கு வந்தால், உரிய நாளுக்கு முன் தரும் சம்பளம் ‘அட்வான்ஸ்’ என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டைக் காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும் தொகையை ஆங்கிலத்தில் ‘செக்யூரிட்டி டெபாசிட்’ என்று எழுத வேண்டும். இலண்டனில் வீடு தேடுகிறவர் ‘அட்வான்ஸ்’ என்று எழுதினால், சில மாத வாடகையை முன்னதாகவே கட்டத் தயார் என்று உரிமையாளர் புரிந்துகொள்ளக்கூடும்.

ஒருவருக்கோ ஒரு துறைக்கோ உயர்வு தேடித் தருவதை ‘அட்வான்ஸ்மென்ட்’ என்பார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கத்தின் பெயரில் இந்தச் சொல் இருப்பது அந்தப் பொருளில்தான். பதவி உயர்வைப் பற்றி எழுதும்போதும் இதுவே பொருத்தமானது. இதற்குப் பதிலாக ‘ஹி மேட் அட்வான்சஸ்’ என்று எழுதி, பின்னால் ‘இன்’ சேர்த்துத் துறையைச் சொல்லாமல் விட்டாலோ, ‘டு’ அல்லது ‘டுவர்ட்ஸ்’ சேர்த்து ஓர் ஆளின் பெயரைப் போட்டாலோ, அவர் யாரிடமோ தகாத முறையில் நெருங்க முயன்றார் என்றே படிப்பவர் கொள்வார். பரிந்துரைக் கடிதங்களில் இந்த ஒரு தொடரை மட்டும் அனுப்பும் முன் மீண்டும் படித்துப் பாருங்கள்.