‘சாவி’யை வைத்து ஓர் இலத்தீன் வேரைத் தேடும் முறை

இலத்தீன் வேர்ச்சொல் ஒன்று எந்தெந்த மொழிகளுக்குள் எந்த வழியாகப் புகுந்தது என்று கண்டறிய விரும்புவோர், அன்றாடம் புழங்கும் ஓர் எளிய சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது. ‘திறவுகோல்’ இருந்தும் நம் பேச்சில் நிலைத்துவிட்ட ‘சாவி’யை இங்கே எடுத்துக்கொள்வோம். இதன் மூலச்சொல் இலத்தீன் ‘கிளாவிஸ்’.

அகராதியில் தலைச்சொல்லாக நிற்கும் எழுவாய் வடிவத்தோடு நின்றுவிடக் கூடாது. இலத்தீனின் கிளைமொழிகள் பெயர்ச்சொற்களைப் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமை வடிவிலிருந்தே பெற்றன என்பதால், ‘கிளாவெம்’ என்பதையே முதலில் எழுதி, அதன் கீழ்க் கிளைமொழிச் சொற்களை வரிசைப்படுத்த வேண்டும்: பிரெஞ்சில் ‘கிளே’, இத்தாலியத்தில் ‘கியாவே’, ஸ்பானியத்தில் ‘யாவே’, பழைய போர்த்துக்கீசியத்தில் ‘சாவெ’.

அடுத்தது ஒலிமாற்றம், வேலையின் உயிர்நாடி இதுதான். ‘கிளா’ என்ற தொடக்கம் இத்தாலியத்தில் ‘கியா’ ஆகவும், ஸ்பானியத்தில் ‘யா’ ஆகவும், போர்த்துக்கீசியத்தில் ‘சா’ ஆகவும் மாறியது தற்செயலா, விதியா என்பதை வேறொரு சொல்லைக் கொண்டு சோதிக்க வேண்டும். கூவுதலைக் குறிக்கும் ‘கிளாமாரே’ முறையே ‘கியாமாரே’, ‘யாமார்’, ‘சாமார்’ என்று மாறியிருப்பதால் இதை விதி என்று கொள்ளலாம். ஒரே சொல்லில் மட்டும் காணப்படும் மாற்றத்தை விதி என்று அறிவிப்பது, இத்துறையில் புதிதாக நுழைவோர் பலரும் செய்யும் தவறு.

விதிக்கு அடங்காத சொல் கிடைத்தால் அது மரபாக வந்ததா, நூல் வழியாகக் கடன் பெறப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஸ்பானியத்திலேயே குறியீட்டைக் குறிக்கும் ‘கிளாவே’ என்ற இரண்டாம் சொல் உண்டு. கற்றோர் இலத்தீனிலிருந்து நேரே எடுத்ததால் அதன் தொடக்கம் தேயவில்லை. போப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டமான ‘கான்கிளேவ்’ என்பதும் இந்த வேரிலிருந்தே வந்தது. சாவியிட்டுப் பூட்டக்கூடிய அறை என்பது அதன் முதற்பொருள். 1268இல் இத்தாலியின் விதெர்போ நகரில் தொடங்கிய போப் தேர்தல் 1271 வரை இழுத்தடித்ததால்தான், 1274இல் போப் பத்தாம் கிரகோரி, வாக்களிக்கும் கர்தினால்களை உள்ளே வைத்துப் பூட்டும் விதியைக் கொண்டுவந்தார்.

இனி நம் சொல்லுக்கு வரலாம். ‘ச’ என்று தொடங்குவதால் பிரெஞ்சும் இத்தாலியமும் ஸ்பானியமும் விலகிவிடுகின்றன. எஞ்சுவது போர்த்துக்கீசியம் மட்டுமே. 1498இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த அம்மொழியிலிருந்தே ஜன்னல், மேசை, அலமாரி, பாதிரி ஆகியவற்றையும் பெற்றோம் என்பது இம்முடிவுக்கு வலுச் சேர்க்கிறது. இன்றைய லிஸ்பனில் சாவியைக் குறிக்கும் அச்சொல்லை ‘ஷா’ என்றே தொடங்குகிறார்கள். பழைய வல்லின ‘ச்’ ஒலியை இந்தியின் ‘சாபி’யிலும், வடபோர்த்துக்கல்லின் சில வட்டார வழக்குகளிலும் இன்றும் கேட்கலாம்.