எர்த் முதலில், எஸ்பிடி பிறகு

கிருஷ்ணகிரிப் பக்கம் பாறை மண். சித்திரை இடி வரும் நேரத்தில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். எங்கள் வீட்டில் கரி, உப்பைப் புதுப்பித்து, தண்ணீர் ஊற்றி, எர்த் டெஸ்டரில் மின்தடை 5 ஓமுக்குக் கீழே வந்த பிறகே எலக்ட்ரீஷியன் மெயின் போர்டில் டைப் 2 எஸ்பிடி (மின்னலால் திடீரென எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) மாட்டினார். எர்த் இல்லாமல் அதை மாட்டுவது வீண். பாயும் மின்சாரம் இறங்க வழி வேண்டுமே. எஸ்பிடியை இணைக்கும் ஒயர்கள் மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். நீளம் கூடினால் அந்த ஒயரிலேயே வோல்டேஜ் ஏறி டிவியைத் தாக்கும். எஸ்பிடியின் சிறு ஜன்னல் சிவப்பானால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். ஸ்டெபிலைசர் இடியைத் தடுக்காது. ஸ்விட்சை அணைத்தாலும் போதாது, அந்தச் சில மில்லிமீட்டர் இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். மேகம் கறுத்ததுமே பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். பலர் மறப்பது அந்தக் கேபிளைத்தான்.