ஆத்தங்குடி டைல்ஸ் மேல ஏணி போடுறப்ப நடக்குற தப்புங்க

கல்யாணம்னா நம்ம பக்கம் பூட்டிக் கெடக்குற வீட்டத் தொறந்து வெள்ளையடிச்சு சீரியல் செட் போடுவாக, காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைன்னு நான் வயரிங்குக்குப் போற வீட்ல பாதி இப்படித்தான். எல்லாரும் மேல எவ்ளோ ஒசரம்னுதான் பயப்படுறாக, ஏணிக் காலு எதுமேல நிக்குதுன்னு குனிஞ்சு பாக்குறதில்ல.

ஆத்தங்குடி டைல்ஸ்னா நம்ம செட்டிநாட்டு வீட்டுத் தரையில பதிக்கிற பூப்போட்ட சிமெண்ட் கல்லு, நாளாக ஆக வழவழப்பு ஏறும், அதுலயும் விசேஷ வீடுன்னா தேங்காண்ண தொட்டுத் தொடச்சு வேற வச்சிருப்பாக. கீறல் விழும்னு ஏணிக்குக் கீழ சாக்க மடிச்சு வைக்கிறாங்க பாருங்க, அதுதான் இருக்குறதுலயே பெரிய தப்பு, சாக்கோட சேத்து ஏணி சறுக்கிட்டுப் போயிரும். நானே விழுந்திருக்கேன், நாலாவது படிதான், மணிக்கட்டு ஒரு மாசம் ஒண்ணுக்கும் ஆகல. ஏணிக் காலுல ரப்பர் புஷ் தேயாம இருக்கணும், சுண்ணாம்புத் தூசி இல்லாம தொடச்சிட்டு வைக்கணும், அப்பவும் ஒரு ஆள் கீழ மிதிச்சுப் புடிச்சே ஆகணும், அந்த ஆளு காபி வந்துருச்சுன்னு அடுப்படிக்குப் போனா நீங்களும் எறங்கிருங்க.

அடுத்தது சாய்வு. ஏணி 12 அடி ஒசரத்துல சுவத்தத் தொட்டா காலு சுவத்துலேருந்து 3 அடி தள்ளி இருக்கணும், நாலுக்கு ஒண்ணு, அவ்ளோதான் கணக்கு. எடம் பத்தலன்னு கிட்டக்க வச்சா பின்னாடி மல்லாக்கும், ரொம்பத் தள்ளி வச்சா காலு சறுக்கும். முகப்புல இருக்குற உருண்டத் தூண்ல சாய்க்கவே சாய்க்காதீங்க, மேல் நுனி ஒரு பக்கமா நழுவிரும். வளவு, அதான் நடு முத்தத்தச் சுத்தி இருக்குற பகுதி, அதோட ஓட்டு மேல ஏறணும்னா ஏணி விளிம்பத் தாண்டி 3 அடி நீட்டிக்கிட்டு இருக்கணும், அப்பத்தான் கால மாத்தி வைக்கிறப்ப புடிக்க ஏதாவது இருக்கும்.

ஏ டைப் ஏணி சேஃப்னு ஒரு நெனப்பு இருக்கு, ஆனா அத விரிக்காம மடிச்சபடியே சுவத்துல சாச்சு ஏறுறது, நடுவுல இருக்குற லாக்க போடாம விடுறது, உச்சிப் பலகையில ஏறி நிக்கிறதுன்னு எல்லாக் கூத்தும் நடக்குது. பெயிண்டர் அண்ணேமாரு சிலர் மேல ஒக்காந்துகிட்டே ஏணிய காலால நடத்திக் கொண்டு போவாக, பாக்க சர்க்கஸ் மாதிரி இருக்கும், எனக்கு வயித்தக் கலக்கும். எட்டலன்னா எறங்கி நகத்துங்க, இடுப்பு ஏணிச் சட்டத்த விட்டு வெளிய போற அளவுக்கு எக்கக் கூடாது. வாளியக் கையில தூக்கிட்டு ஏறாதீங்க, கயித்துல கட்டி இழுத்துக்கலாம். கைலியையும் மாத்திட்டு ஏறுங்க.

கரண்ட் வேலைக்கு அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம், மெயின ஆஃப் பண்ணியிருந்தாலும் வெளிய வர்ற சர்வீஸ் வயர்ல கரண்ட் இருக்கும். ஃபைபர் ஏணி வெல கூடத்தான், வாங்கிருங்க. மூங்கில் காஞ்சிருந்தாதான் ஓரளவுக்கு, நனஞ்சா அதுவும் கரண்ட கடத்தும்.

மூங்கில் ஏணிக்கோ மர ஏணிக்கோ பெயிண்ட் அடிக்கிறதும் தப்புதான், விரிசல் தெரியாமப் போயிரும். அப்பச்சி காலத்து ஏணின்னு வீட்டுக்குப் பின்னாடி ரெண்டாங்கட்டுல ஒண்ணு சாத்தி வச்சிருப்பாக, படி ஆடுதுன்னா ஆணி அடிச்சு ஒப்பேத்தாம ரெண்டா அறுத்து வெறகுக்குப் போட்ருங்க, ஆச்சி ரெண்டு நாளைக்கு மொகம் குடுத்துப் பேசமாட்டாக.