சீனப் பேரரசில் வெடிச்சதி: துப்பறியும் கதை எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சீனத் தலைநகரம். விளக்குத் திருவிழா இரவு. குடும்பத்தைப் பறிகொடுத்த ஒருவன் அரண்மனைக் கோபுரத்தின் அடியில் வெடிமருந்துப் பீப்பாய்களை அடுக்கி வைத்திருக்கிறான். விடிவதற்குள் அவனைப் பிடித்தாக வேண்டும்.

இந்தக் கரு எனக்கு மிகவும் பிடிக்கும். நண்பர்கள் எழுதிக் காட்டிய வரைவுகளிலும் இதைப் பல வடிவங்களில் படித்திருக்கிறேன். அநேகமாக எல்லாம் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. சீனம் என்றால் இரண்டாயிரம் ஆண்டும் ஒன்றேதான் என்று நினைத்துவிடுகிறோம். எந்த ஆண்டு என்று முடிவு செய்யாமல் எழுத உட்கார்ந்தால் குண்டும் வெடிக்காது, சட்டமும் பொருந்தாது.

வெடிமருந்தின் வயதை மறப்பது

கதையைத் தாங் வம்சத்தில், பேரரசி வூ ஸெத்தியான் காலத்தில் (690–705) வைக்க எல்லோருக்கும் ஆசை. அரண்மனைச் சூழ்ச்சி, உளவாளிகள், புகழ்பெற்ற நீதிமான் டி ரென்ஜியே எல்லாம் அங்கே இருக்கிறார்கள். வெடிகுண்டு மட்டும் இல்லை.

சீனர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஹுவோயாவோ’, அதாவது தீ மருந்து. நாமும் வெடிமருந்து என்றுதான் சொல்கிறோம். சீனத்தில் அந்த ‘மருந்து’க்கு நேரடிக் காரணம் உண்டு. சாகாமருந்து தேடிய தாவோ சமய ரசவாதிகளின் அடுப்பில்தான், 9-ஆம் நூற்றாண்டு வாக்கில், இது பிறந்தது. கந்தகம், மனோசிலை (ஆர்செனிக் கலந்த செந்நிறத் தாது), வெடியுப்பு ஆகியவற்றைத் தேனுடன் சேர்த்துச் சூடாக்கியவர்களின் கையும் முகமும் வெந்து, வீடும் எரிந்துபோனதாக ஒரு ரசவாத நூல் எச்சரிக்கிறது. அவர்களுக்கு அது ஆயுதம் அல்ல, நெருங்கக் கூடாத ஆபத்து.

செய்முறை எழுத்தில் வந்தது, தாங்குக்குப் பின் வந்த சொங் வம்சத்து ராணுவ நூல் ஒன்றில், 1044-இல். அந்தக் கலவைகளில் வெடியுப்பு குறைவு. சீறி எரியும், புகை கக்கும், கூரையைப் பற்றவைக்கும். கல்லையும் மதிலையும் பிளக்காது. இரும்பு ஓட்டுக்குள் அடைத்த, ஆளைச் சிதறடிக்கும் குண்டுகள் 13-ஆம் நூற்றாண்டில்தான் வருகின்றன. 1232-இல் மங்கோலியர் கைஃபெங் நகரத்தை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த, வடசீனத்தை ஆண்ட ஜின் வம்சத்துப் படையினர் ‘வானதிரும் இடி’ என்ற பெயருள்ள குண்டுகளை எறிந்தார்கள்.

ஆகவே கோபுரம் சரிந்து விழுந்தே ஆக வேண்டும் என்றால் 1230-க்குப் பின்னால் வாருங்கள். தாங் காலம்தான் வேண்டும் என்றால் எண்ணெயையும் மரக்கூரைகளையும் நம்புங்கள். மரத்தால் கட்டிய நகரத்தில் தீ வைப்பவனே போதுமான பயங்கரம். டைனமைட் குச்சியைக் கொண்டுவரவே வேண்டாம். நோபெல் அதற்குக் காப்புரிமை பெற்றது 1867-இல்.

மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவது

வில்லனிடம் நாற்பது மூட்டை இருக்கிறது. எங்கே வாங்கினான்? இந்தக் கேள்வியை எழுத்தாளர் கேட்காவிட்டால் கதையில் வரும் விசாரணையாளரும் கேட்க மாட்டார், துப்புத்துலக்குவதற்கான சிறந்த இழை கைநழுவிப் போகும். வெடியுப்பும் கந்தகமும் அரசின் கண்காணிப்பில் இருந்த சரக்கு. வடக்கே இருந்த எதிரிகளுக்கு இவற்றை விற்கக் கூடாது என்று சொங் அரசு 11-ஆம் நூற்றாண்டிலேயே தடை போட்டது. அவ்வளவு சரக்கு நகர வேண்டுமானால் ஒரு கிடங்குக் கணக்கில் ஓட்டை விழுந்திருக்க வேண்டும், ஒரு எழுத்தர் கண்ணை மூடியிருக்க வேண்டும், வண்டிக்காரன் கூலி வாங்கியிருக்க வேண்டும். மூன்றும் மூன்று அத்தியாயங்கள்.

அப்புறம், வெடித்தது என்றால் சதிதான் என்று முதல் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 1280-இல் யாங்ஜோ ஆயுதக் கிடங்கில் நடந்ததைப் பாருங்கள். பழைய தெற்கத்தித் தொழிலாளர்களை நீக்கிவிட்டு, மருந்தைக் கையாளத் தெரியாத வடக்கத்தி ஆட்களை வைத்திருந்தார்கள். கந்தகம் அரைக்கும்போது தீப்பிடித்தது. அங்கிருந்த தீ ஈட்டிகளுக்கு (மருந்துக் குழாய் கட்டிய ஈட்டிகள்) தாவி, அவை பாம்புபோல் சீறிப் பாய்ந்தன. வேலையாட்கள் முதலில் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்களாம். தீ குண்டுகள் இருந்த அறையை எட்டியதும் காவலுக்கு நின்ற நூறு பேர் சிதறிப்போனார்கள், உத்தரங்கள் பத்து லி, அதாவது ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தொலைவில் போய் விழுந்தன. 1626 மே 30 அன்று பெய்ஜிங்கின் வாங்கொங்சாங் வெடிமருந்து ஆலை வெடித்ததில் சுமார் 20,000 பேர் இறந்ததாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. நல்ல விசாரணையாளர் முதலில் கவனக்குறைவைத்தான் சந்தேகிப்பார். விபத்தைப் போல் தெரிய வேண்டும் என்று நினைக்கும் வில்லனுக்கு யாங்ஜோ ஒரு பாடப் புத்தகம்.

ஒரு தமிழ்ப் பாத்திரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: யாங்ஜோ வெடித்த அடுத்த ஆண்டு, 1281-இல், குவான்ஜோ துறைமுகத்தில் தமிழ்க் கல்வெட்டோடு ஒரு சிவன் கோயில் இருந்தது. சம்பந்தப் பெருமாள் என்ற பெயர் அதில் வருகிறது. அந்த ஊரில் தமிழ் வணிகர் ஒருவர் நடமாடினால் அது வலிந்து திணித்ததாக இருக்காது.

தனியார் துப்பறிவாளரை இறக்குமதி செய்வது

இதில்தான் எனக்கு அதிக வருத்தம். குழாய் பிடித்துப் புகைக்கும் லண்டன் துப்பறிவாளருக்குப் பட்டு அங்கி மாட்டிவிட்டால் அவர் சீனராகிவிடுவதில்லை. பேரரசுச் சீனத்தில் அப்படி ஒரு தொழில் கிடையாது. வட்டத்தை ஆளும் ஆட்சியரேதான் விசாரணை அதிகாரி, நீதிபதி, வரி வாங்குபவர் எல்லாம். அவருக்குக் கீழே ஓடியாடும் சேவகர்கள். பிணத்தைத் தொட்டுப் பரிசோதிக்க, சமூகத்தில் தாழ்வாக நடத்தப்பட்ட ‘வூஸுவோ’ என்ற ஊழியர்கள். இந்த மூன்று பேருக்கும் இடையே எத்தனை உரசல், எத்தனை மரியாதை, எத்தனை லஞ்சம்! இரண்டு நாயகர்கள் வேண்டும் என்றால் ஓர் ஆட்சியரையும் ஒரு வூஸுவோவையும் ஜோடியாக்குங்கள்.

அறிவியல் இல்லாத காலம் என்று எண்ணி, எல்லாவற்றையும் நாயகனின் உள்ளுணர்வில் தள்ளிவிடுவதும் தவறு. 1247-இல் சொங் ட்ஸூ என்ற அதிகாரி பிணப் பரிசோதனைக்கென்றே ஒரு கையேடு எழுதினார். உயிரோடு எரிந்தவரின் வாயிலும் மூக்கிலும் சாம்பல் இருக்கும், கொன்றபின் எரிக்கப்பட்டவருக்கு இருக்காது என்கிறது அது. இந்த அறிவு அதற்கும் மிகப் பழையது. மூன்று அரசுகள் காலத்தில் (3-ஆம் நூற்றாண்டு) ஜாங் ஜூ என்ற ஆட்சியர், கணவனைக் கொன்று வீட்டைக் கொளுத்தியதாகச் சந்தேகிக்கப்பட்ட பெண்ணின் வழக்கில் இரண்டு பன்றிகளை வரவழைத்தார். ஒன்றைக் கொன்றுவிட்டும் மற்றதை உயிரோடும் எரித்தார். செத்தபின் எரிந்த பன்றியின் வாயில் சாம்பல் இல்லை, கணவனின் வாயிலும் இல்லை. அவள் ஒப்புக்கொண்டாள். வெடிவிபத்துக் களத்தில் கிடக்கும் கருகிய உடல்களிடையே இந்த ஒரு சோதனை கதையையே திருப்பிவிடும்.

சித்திரவதைக் காட்சிகளில் எல்லை தெரியாமல் எழுதுவதும் நடக்கிறது. ஒப்புதல் வாக்குமூலத்துக்காக அடிப்பது சட்டப்படி நடந்ததுதான். ஆனால் தாங் சட்டம் அதற்கு அளவு வைத்திருந்தது: மூன்று முறைக்கு மேல் கூடாது, மொத்தம் 200 அடியைத் தாண்டக் கூடாது, ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் இருபது நாள் இடைவெளி வேண்டும். விடிவதற்குள் நகரம் பற்றி எரியப் போகிறது, கையில் ஒரு கைதி, இரண்டாவது முறை அடிக்கச் சட்டம் இடம் தராது. நேர்மையான ஓர் ஆட்சியருக்கு இதைவிட இறுக்கமான முடிச்சு எங்கே கிடைக்கும்? போதாததற்கு, பொய்க் குற்றச்சாட்டு என்று நிரூபணமானால், குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைத்திருக்கக் கூடிய தண்டனை சாட்டியவர் தலையில் விழும்.

சட்டம் மீறப்பட்டதும் உண்டு. வூ ஸெத்தியான், அரியணை ஏறுவதற்கு முன்பே, 686-இல் ரகசியப் புகார்களுக்காகவே வெண்கலப் பெட்டி வைத்தார். அவருடைய கொடிய விசாரணையாளர் லாய் ஜுன்சென் 692-இல் டி ரென்ஜியேயையே ராஜதுரோகக் குற்றத்தில் மாட்டினார். டி உடனே ஒப்புக்கொண்டார், முதல் கேள்வியிலேயே ஒப்புக்கொண்டால் உயிர் தப்ப வழி இருந்தது. பிறகு ஒரு துணியில் முறையீட்டை எழுதி, பஞ்சு வைத்துத் தைத்த உடைக்குள் ஒளித்து, ‘வெயில் காலம் வந்துவிட்டது, பஞ்சை எடுத்துவிடுங்கள்’ என்று வீட்டுக்கு அனுப்பினார். மகன் அதைக் கண்டெடுத்துப் பேரரசியிடம் கொண்டுபோனார். ஒரு வருடத்தில் 17,000 பேரின் வழக்குகளை முடித்தவர் என்று வரலாற்று நூல் புகழும் மனிதர், தன் உயிரைக் காத்தது ஒரு தையலில்.

நள்ளிரவுத் துரத்தல்

தாங் தலைநகர் சாங்ஆன் மதில் சூழ்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட சதுரங்களாகப் பிரிந்திருந்தது. அந்தியில் முரசு அடித்ததும் ஒவ்வொன்றின் கதவும் மூடப்படும். அதன் பிறகு பெருவீதியில் பிடிபட்டால் இருபது பிரம்படி. அங்கே நள்ளிரவில் குதிரைத் துரத்தல் வைத்தால் துரத்துபவர், ஓடுபவர் இருவரையும் ரோந்துக்காரர்கள் பிடித்திருப்பார்கள். முதல் மாதப் பௌர்ணமியை ஒட்டிய விளக்குத் திருவிழா இரவுகளில் மட்டும் இந்தத் தடை விலகும். சதிகாரன் அந்த இரவைத் தேர்ந்தெடுப்பதற்கு வெளிச்சத்தைவிட இதுவே வலுவான காரணம்.

சொங் காலக் கைஃபெங் வேறு உலகம். இரவுச் சந்தைகள் உண்டு, மதில் சதுரங்கள் கரைந்துபோயிருந்தன. கூடவே உயரமான கோபுரங்களில் தீக்காவலர்கள் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னச் சின்ன வழுக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். மிளகாய் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் சீனத்துக்கு வந்தது. முன்தலை மழித்த நீள்சடை 1645-க்குப் பின், மஞ்சு (சிங் வம்சம்) ஆட்சியின் கட்டாயம். ‘இன்னும் பத்து நிமிடம்தான்’ என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாளை நூறு ‘க’வாகப் பிரித்தார்கள், ஒன்று நம் கணக்கில் ஏறக்குறைய 14 நிமிடம்.

பழிவாங்குபவனைச் சாதாரணக் கொலைகாரனாக்குவது

பேரரசி வூ காலத்தில் ஷூ யுவான்சிங் என்பவர், தன் தந்தையைக் கொன்ற அதிகாரியைக் கொல்வதற்காகப் பெயரை மாற்றிக்கொண்டு ஓர் அஞ்சல் நிலையத்தில் வேலையாளாகக் காத்திருந்தார். கொன்றபின் ஓடவில்லை, தானே போய்ச் சரணடைந்தார். தண்டிப்பதா போற்றுவதா என்று அரசவை திணறியது. சட்டப்படி தலையை வெட்டிவிட்டு, பிள்ளைக் கடமைக்காக நினைவுச் சின்னம் வையுங்கள் என்றார் கவிஞர் சென் ஸியாங். ஒரே செயலைத் தண்டிக்கவும் போற்றவும் எப்படி முடியும் என்று ஒரு நூற்றாண்டு கழித்து மறுத்து எழுதினார் லியு ஸொங்யுவான்.

நேருக்கு நேர் நின்று பழி தீர்த்துச் சரணடைபவனுக்கு இப்படி ஒரு மரியாதை இருந்த சமூகத்தில், ஒருவன் ஏன் சம்பந்தமில்லாதவர்களையும் கொல்லும் வெடியைத் தேர்ந்தெடுக்கிறான்? இதற்கு விடை இல்லாத வரைவை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அரியணைக்கு எதிரான சதி என்றால் தந்தைக்கும் வளர்ந்த மகன்களுக்கும் மரணம், பெண்களும் சிறுவர்களும் அரசு அடிமைகள். இழக்க யாரும் மிஞ்சாதவன்தான் துணிவான், அல்லது யாரோ மிஞ்சியிருப்பது தெரியாதவன்.

உண்மையான பந்தயம் எங்கே இருக்கிறது என்று தேடாமல் விடுவது

காவல்துறையும் குண்டும் நேரத்தோடு போட்டியும் வேண்டும் என்றால் பேரரசின் கடைசி ஏழு வருடங்களை எடுங்கள். 1905 செப்டம்பர் 24 அன்று பெய்ஜிங் ரயில் நிலையத்தில் வூ யுவே என்ற புரட்சி இளைஞர், வெளிநாடு கிளம்பிய ஐந்து அமைச்சர்களைக் குறிவைத்தார். குண்டு முன்கூட்டியே வெடித்து அவரே இறந்தார். அடுத்த மாதமே காவலுக்கென்று ஓர் அமைச்சகம் உருவானது.

1910-இல் புரட்சிக்காரர் வாங் ஜிங்வெய் குழுவினர், குழந்தைப் பேரரசருக்காக ஆட்சி நடத்திய இளவரசர் ஸாய்ஃபெங் செல்லும் வழியில் பாலத்தடியில் குண்டு புதைத்தார்கள். அது கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து வெளிநாட்டுச் சரக்கு, இரும்பு உறையோ உள்ளூர் வேலை என்று காவலர்கள் கவனித்தார்கள். அந்த உறையைச் செய்த பட்டறையைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து வாங் குழுவினர் நடத்திய புகைப்பட நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வாங்குக்கு மரண தண்டனைக்குப் பதில் ஆயுள் சிறை கிடைத்தது.

1911 அக்டோபர் 9 அன்று ஹான்கோவில், ரஷ்யக் குடியிருப்புப் பகுதியில், புரட்சிக்காரர்கள் செய்துகொண்டிருந்த குண்டு தவறி வெடித்தது. சோதனையில் உறுப்பினர் பட்டியல் சிக்கியது. கைதுகள் தொடங்கின. பட்டியலில் தங்கள் பெயரும் இருக்கும் என்று பயந்த, பக்கத்து வூசாங் நகரப் படைவீரர்கள் மறுநாள் இரவே துப்பாக்கியைத் தூக்கினார்கள். நான்கு மாதம் கழித்து, 1912 பிப்ரவரி 12 அன்று, ஆறு வயதுப் பேரரசரின் பெயரில் பதவி விலகல் ஆணை வெளியானது.