மனநல வார்டில் சேர்க்கும் முன்னால், சேரப்போறவங்ககிட்ட கேளுங்க

எங்க மைனியை முதல் தடவை சேர்த்த இடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஹால். கக்கூசுக்குப் போகணும்னா ஆண்கள் கட்டிலைத் தாண்டித்தான் போகணும். பதினோரு நாளும் ராத்திரியில் மைனி தண்ணியே குடிக்கல, தூங்கவும் இல்ல. நோய் முத்துதுன்னு நினைச்சோம். பயந்து கிடந்திருக்காங்க. குணமாகி அம்பாசமுத்திரம் வந்து மூணு மாசம் கழிச்சு அவங்களே சொல்லித்தான் எங்களுக்குத் தெரிஞ்சது.

அதனால தெளிவா இருக்கிற நாளிலேயே கேட்டு வைங்க. "எந்த வார்டு வேணும்?"னு மொட்டையாக் கேட்டா பதில் வராது. ராத்திரி எங்க படுக்கணும், யார் ஊசி போடலாம், குளிக்கிற இடம் எப்படி இருக்கணும்னு தனித்தனியாக் கேட்டேன். படுக்கை, குளியல் பெண்கள் பக்கம்தான்னு சொன்னாங்க. ஆனா பகலில் ஆண்களும் இருக்கிற இடத்தில் சாப்பிட அவங்களுக்குச் சங்கடமில்ல. இதை நானாக யூகிச்சிருக்கவே மாட்டேன்.

அடுத்து, துணைக்கு யார்ங்கிறது. பெண்கள் வார்டுல ராத்திரி ஆண் துணையைப் பெரும்பாலும் விடமாட்டாங்க. அண்ணன் இருக்க முடியாதுன்னு நான்தான் போனேன். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மாவை விட்டா ஆளில்ல. அவன் ஆண்கள் வார்டு வேண்டாம், அம்மா கூட இருக்கிற தனி ரூம் போதும்னான். அதுவும் நியாயமான விருப்பம்தான்.

சொன்னதை எழுதி வைங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, பதினெட்டு வயசு ஆனவங்க தன்னை எப்படிக் கவனிக்கணும், தன் சார்பில் யார் பேசணும்னு முன்கூட்டியே எழுதித் தரலாம். அவசர சிகிச்சை நேரத்தில் அது செல்லாது. வயசு குறைஞ்ச பிள்ளைகளைப் பெரியவங்களோட சேர்த்து வைக்கக் கூடாதுன்னும் அந்தச் சட்டம் சொல்லுது. அப்படிச் சேர்க்கிற பெண் பிள்ளையோட சார்பில் பேசுற பிரதிநிதி ஆணாக இருந்தா, பெண் துணை ஒருத்தர் பிள்ளை கூடவே இருக்கணும்.

துப்பட்டா, நாடா வச்ச பாவாடையெல்லாம் வார்டில் வாங்கி வச்சுக்குவாங்க. எலாஸ்டிக் பாவாடையும் பட்டன் நைட்டியும் கொண்டு போங்க.

சேர்த்து மூணாம் நாள் மறுபடியும் கேளுங்க. இரண்டாவது தடவை மைனி, பெண்கள் வார்டிலேயே, ஜன்னலோரம் வேண்டாம், நர்ஸ் மேஜைக்குப் பக்கத்துக் கட்டில் வேணும்னாங்க. ராத்திரி டூட்டி சிஸ்டர்கிட்ட சொன்னேன், மாத்தித் தந்தாங்க. அன்னைக்குச் செம்பு நிறையத் தண்ணி குடிச்சிட்டுத் தூங்கினாங்க.