பொதுத்துறை வங்கி ஓய்வூதியத்தை நாமே கணக்குப் போடுவது எப்படி?

அக்கா ஒரு பொதுத்துறை வங்கியில் ஸ்கேல் 2 மேலாளராக ஓய்வு பெற்றார். அவருக்கு வரவேண்டிய பென்ஷன், கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது), கிராஜுவிட்டி (பணிக்கொடை) மூன்றையும் வங்கி தாள் கொடுப்பதற்கு முன்பே நாங்கள் வீட்டில் கணக்குப் போட்டு வைத்தோம். வழிமுறையைக் கேட்டு அவருடைய சக ஊழியர்கள் பலர் போன் செய்ததால், எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

இது யாருக்கு? 1995-ஆம் ஆண்டின் வங்கி ஊழியர் ஓய்வூதிய ஒழுங்குவிதிகளின் கீழ் வருபவர்களுக்கு. அதாவது இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கனரா வங்கி போன்றவற்றில் 2010 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்து பென்ஷனைத் தேர்ந்தெடுத்தவர்கள். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்கள் என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறார்கள் (அதில் ஊழியர் 10 சதவீதம், வங்கி 14 சதவீதம் போடும்). அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, கிராஜுவிட்டி பகுதியை மட்டும் படித்தால் போதும். ஸ்டேட் வங்கிக்குத் தனி ஓய்வூதிய நிதியும் தனி விதிகளும் உண்டு, அதை இதில் கலக்கவில்லை.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். வங்கி பென்ஷனில் அடிப்படைத் தொகை ஒருமுறை நிர்ணயமானால் அதுதான் ஆயுளுக்கும். அடுத்தடுத்த சம்பள ஒப்பந்தங்களில் அது ஏறுவதில்லை, விலைவாசிக்கேற்ப அதோடு சேரும் அகவிலை நிவாரணம் மட்டும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் மாறும். ரிசர்வ் வங்கியின் ஓய்வூதியர்களுக்கு 2019-ல் பென்ஷன் மறுநிர்ணயம் கிடைத்தது, மற்ற வங்கிக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே முதல் நாளில் 500 ரூபாய் குறைந்தால் அந்த 500 ரூபாயும் அதற்கான நிவாரணமும் கடைசிவரை குறைவுதான்.

படி 1: சரியான கருவி

போனில் இருக்கும் பென்ஷன் கால்குலேட்டர் ஆப்களை இதற்கு நம்ப வேண்டாம். பெரும்பாலானவை மத்திய அரசு ஊழியர்களுக்காகச் செய்தவை. அங்கே 10 வருட சர்வீஸ் இருந்தாலே முழு 50 சதவீதம், வங்கியிலோ 33 வருடத்துக்குத்தான் முழு பென்ஷன். கம்யூட்டேஷன் காரணியும் (மொத்தத் தொகை எவ்வளவு என்று காண ஒரு வருடப் பென்ஷனைப் பெருக்கும் எண்) வேறு: 60-ல் ஓய்வு பெறும் மத்திய அரசு ஊழியருக்கு 8.194, வங்கி ஊழியருக்கு 9.81. இந்த இரண்டையும் மாற்றிக்கொள்ள வழியில்லாத ஆப்பில் வரும் விடை எதற்கும் உதவாது. ஒரு எக்செல் தாள் போதும். லிப்ரே ஆபீஸ் இலவசம், நான் அதில்தான் போட்டேன்.

படி 2: கடைசி 10 மாத பே ஸ்லிப்

எச்ஆர்எம்எஸ் என்ற வங்கியின் ஊழியர் தளத்திலிருந்து பிடிஎஃப் ஆக இறக்கி, சொந்தக் கணினியில் வையுங்கள். ஓய்வுக்குப் பிறகு அந்த லாகின் எத்தனை நாள் திறக்கும் என்பது வங்கிக்கு வங்கி மாறும்.

படி 3: எது 'பே', எது இல்லை

எங்கள் கணக்கு வெகுநேரம் நின்றுபோனது இந்த இடத்தில்தான். "கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன்" என்று எல்லாரும் சொல்வார்கள். கையில் வாங்கும் சம்பளத்தில் பாதி வரும் என்று அதை நம்பித்தான் மகன் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் திட்டம் போடுகிறார்கள். விதி சொல்வது 'சராசரி ஊதியத்தில்' பாதி. அந்த ஊதியத்துக்குள் எல்லாப் படியும் வராது.

வருபவை: பேஸிக் (சம்பள விகிதத்தின் உச்சத்தை எட்டியபின் கிடைக்கும் ஸ்டாக்னேஷன் இன்கிரிமென்ட் உட்பட), ஜெய்ப், சிஏஐஐபி என்ற வங்கித் தேர்வுகளை முடித்ததற்குக் கிடைக்கும் பிக்யூபி (தொழில் தகுதி ஊதியம்), எஃப்பிபி-யில் (நிலையான தனிப்பட்ட ஊதியம்) உள்ள இன்கிரிமென்ட் பங்கு. வராதவை: டிஏ (அகவிலைப்படி), எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி), சிசிஏ (நகர ஈட்டுப்படி), பெட்ரோல் செலவு, செய்தித்தாள் செலவு, அப்புறம் மிக முக்கியமாக ஸ்பெஷல் அலவன்ஸ்.

இந்த ஸ்பெஷல் அலவன்ஸ் 2015 மே 25-ல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் கையெழுத்திட்ட 10-ஆவது இருதரப்புச் சம்பள ஒப்பந்தத்தில் வந்தது. பேஸிக்கின் சதவீதமாகக் கொடுப்பார்கள், அதன் மேல் டிஏ-வும் உண்டு. ஆனால் ஓய்வுக்காலப் பலன்களுக்குச் சேராது என்று அப்போதே எழுதிவிட்டார்கள். பே ஸ்லிப்பில் பெரிய தொகையாக நிற்பதால் கண் தானாக அதையும் கூட்டிக்கொள்ளும். மாதாமாதம் உழைப்புக்குக் கொடுத்த பணம், ஓய்வு என்று வந்ததும் கணக்கில் இல்லாமல் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் விதி அதுதான், திட்டத்தை அதை வைத்துத்தான் போட வேண்டும்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. பிஎஃப் பிடித்தத்தைப் பாருங்கள். அது 'பே'யில் 10 சதவீதம். பிடித்தத்தை 10-ஆல் பெருக்கினால் பென்ஷனுக்குச் சேரும் ஊதியம் ஏறக்குறைய வந்துவிடும். அக்காவின் கணக்கு இதற்குப் பிறகுதான் நகர்ந்தது.

இன்னொரு நுணுக்கம்: பிஎஃப் பிடித்தம் உண்டு, ஆனால் டிஏ கிடையாது என்ற வகைப் படி ஏதாவது இருந்தால், அதன் 10 மாத சராசரியில் பாதி 'கூடுதல் ஓய்வூதியம்' என்று தனி வரியாக வரும். அதை அடிப்படை பென்ஷனோடு கலந்து எழுதாதீர்கள், அகவிலை நிவாரணக் கணக்கு குழம்பும்.

படி 4: சராசரியும் சர்வீஸும்

உதாரணத்துக்கு நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. கடைசி 10 மாதத்தில் முதல் 6 மாதம் ஊதியம் 90,000, இன்கிரிமென்ட்டுக்குப் பிறகு 4 மாதம் 93,000.

(90,000 × 6 + 93,000 × 4) ÷ 10 = 91,200
இதில் பாதி = 45,600

சர்வீஸ் 31 வருடம் 8 மாதம் என்று வைப்போம். உடைந்த காலம் 6 மாதத்துக்கு மேல் இருந்தால் ஒரு வருடம், 6 மாதமோ குறைவோ என்றால் கிடையாது. ஆகவே 32.

45,600 × 32 ÷ 33 = 44,218.18, அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றினால் 44,219. இதுதான் அடிப்படை பென்ஷன்.

சர்வீஸ் ரெக்கார்டில் லாஸ் ஆஃப் பே (சம்பளமில்லா) நாட்கள் எவ்வளவு என்று ஒரு வருடம் முன்பே கேட்டு வாங்குங்கள். 6 மாத எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சில நாட்கள்கூட ஒரு முழு வருடத்தைத் தின்றுவிடும்.

படி 5: கம்யூட்டேஷன்

பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு வரை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் காரணி அடுத்த பிறந்தநாளில் ஆகும் வயதைப் பார்த்து வருவது: 61-க்கு 9.81, 62-க்கு 9.48. முடிவு செய்துவிட்டால் தாமதிக்காதீர்கள்.

44,219-ல் மூன்றில் ஒன்று 14,739.
14,739 × 12 × 9.81 = 17,35,075

மாத பென்ஷன் 29,480 ஆகக் குறையும். அகவிலை நிவாரணம் மட்டும் குறையாது. வங்கி விதிப்படி அது கம்யூட்டேஷனுக்கு முந்தைய முழு 44,219-க்கும் கிடைக்கும். நிவாரணம் 20 சதவீதம் என்றால் 8,844 சேர்ந்து கையில் 38,324.

வாங்கலாமா வேண்டாமா? 15 வருடம் கழித்து முழு பென்ஷன் திரும்ப வரும். அதுவரை நீங்கள் விட்டுக்கொடுப்பது 14,739 × 180 = 26,53,020. பலர் இந்த எண்ணைப் பார்த்ததும் "17 லட்சம் கொடுத்து 26 லட்சம் பிடிக்கிறார்கள்" என்று பயந்து வேண்டாம் என்கிறார்கள். வட்டியாக மாற்றிப் பாருங்கள்: ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரலில் இருந்து 8.2 சதவீதம் கொடுத்து வருகிறது, அதில் 30 லட்சம் வரை போடலாம். தவிர, கம்யூட்டேஷன் தொகைக்கு வருமான வரி இல்லை. இடையில் ஓய்வூதியர் இறந்துவிட்டால் மிச்சத்தைக் குடும்பம் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, குடும்ப ஓய்வூதியமும் இதனால் குறையாது. மாதச் செலவு மிக நெருக்கடியாக இல்லாவிட்டால் முழு மூன்றில் ஒரு பங்கையும் வாங்குவதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. பணம் வந்ததும் உறவுக்காரர் தொழிலில் போடுவார் என்று வீட்டில் பயம் இருந்தால் மட்டும், மாதப் பென்ஷனாகவே இருக்கட்டும்.

படி 6: கிராஜுவிட்டி

அதிகாரிகளுக்கு இரண்டு கணக்கு, எது அதிகமோ அது கிடைக்கும்.

ஒன்று, அதிகாரிகள் பணி விதிப்படி: வருடத்துக்கு ஒரு மாத ஊதியம், அதிகபட்சம் 15 மாதம், 30 வருடத்துக்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதம் கூடுதல். நம் உதாரணத்தில் 15.5 × 93,000 = 14,41,500.

இரண்டு, 1972-ஆம் ஆண்டு கிராஜுவிட்டிச் சட்டத்தில் வந்த 15/26 கணக்கு (மாதத்தை 26 நாளாக வைத்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளம்). இதில் டிஏ-வும் சேரும். டிஏ 20 சதவீதம் என்றால் 1,11,600 × 15 ÷ 26 × 32 = 20,60,308. உச்சவரம்பு 20 லட்சம் என்பதால் 20 லட்சம்.

இரண்டையும் போட்டு வைத்துக்கொண்டு வங்கித் தாளோடு ஒப்பிடுங்கள். 20 லட்சம் வரை வரி இல்லை. பிஎல் எனப்படும், சேர்த்து வைத்த விடுப்பைப் பணமாக்கும் தொகைக்கு 25 லட்சம் வரை வரி விலக்கு. பிஎஃப்-ல் உங்கள் பங்கும் வட்டியும் மட்டும் வரும். வங்கியின் பங்கு பென்ஷன் நிதிக்குப் போய்விட்டது.

பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு

டிஜிஎம் (துணைப் பொது மேலாளர்), ஜிஎம் (பொது மேலாளர்) ஆனாலும் பென்ஷன் சூத்திரம் இதேதான். லாபத்தை வைத்துக் கொடுக்கும் பிஎல்ஐ ஊக்கத்தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 'பே' ஆகாது. தனியார் வங்கித் தலைவர்களின் உலகம் வேறு. ரிசர்வ் வங்கியின் 2019 நவம்பர் வழிகாட்டுதலின்படி அவர்களுக்கு மொத்த ஊதியத்தில் குறைந்தது பாதி, செயல்பாட்டைப் பொறுத்த தொகையாக இருக்க வேண்டும். அதில் 60 சதவீதமாவது குறைந்தது 3 வருடம் தள்ளித்தான் கைக்கு வரும், தவறு தெரியவந்தால் திரும்பப் பிடிக்கவும் வழி உண்டு. அதற்கு இந்த எக்செல் தாள் உதவாது.

சேர்த்தது 1: கருத்துப் பெட்டியில் ஒரு காசாளர், "எனக்கு ஸ்பெஷல் பே வருகிறது, அதையும் கழிக்க வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம். கிளார்க்குகளுக்குப் பொறுப்புக்காகக் கொடுக்கும் ஸ்பெஷல் பே பென்ஷனுக்குச் சேரும், ஸ்பெஷல் அலவன்ஸ்தான் சேராது. பே ஸ்லிப்பில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கும், நிதானமாகப் பாருங்கள்.

சேர்த்தது 2: கடைசி 10 மாதத்துக்குள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தவர்கள் சராசரி குறையுமோ என்று கவலைப்பட்டிருந்தார்கள். அந்த நாட்களை விட்டுவிட்டு, அதற்குச் சமமான நாட்களை 10 மாதத்துக்கு முந்தைய காலத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அவர்கள் ஒன்றிரண்டு பே ஸ்லிப் கூடுதலாக இறக்கி வையுங்கள்.

சேர்த்தது 3: ஒரு அம்மா, கணவர் இறந்து நான்கு மாதமாகியும் குடும்ப ஓய்வூதியம் எவ்வளவு வரும் என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தார். 2021 ஆகஸ்டில் அறிவித்த மாற்றத்துக்குப் பிறகு அது கடைசி ஊதியத்தில் 30 சதவீதம், உச்சவரம்பு இல்லை. நம் உதாரணத்தில் 27,900, அதோடு அகவிலை நிவாரணம். அதற்கு முன் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் அடிப்படைத் தொகை 9,284 ரூபாயைத் தாண்டாது. பென்ஷன் ஆணையின் (பிபிஓ) நகல், அந்த பிபிஓ எண், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படம், பென்ஷன் வரும் கிளையின் பெயர் நான்கையும் ஒரே உறையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வாழ்க்கைத் துணையிடம் இன்றே சொல்லிவிடுங்கள். கம்யூட்டேஷன் முடியும் 15-ஆவது வருடத் தேதியையும் அந்த உறையின் மேலேயே எழுதுங்கள். அந்த மாதம் முழு பென்ஷன் வரவில்லையென்றால் கிளைக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும்.